ஆஸ்தாவுக்கு வைத்த தட்டு

ஹெம்ஸெத், மினசோட்டா
அக்டோபர் 20, 1940

அன்புள்ள ஆஸ்தா அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். உன்னோடு தங்கியிருக்கும் ஃப்ளோராவுக்குக்கூடப் படித்துக் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் கடிதங்களையும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

இங்கே நாங்கள் மூவரும் சுகம். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. பெர்கித் அத்தைக்குத்தான் முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவதில்லை. அதனால்தான் நான் இங்கே போர்வைக்குள் உட்கார்ந்து தைரியமாக எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ போன பிறகு அப்பா உன் நாற்காலியைக் கொண்டுபோய்த் தொழுவத்தில் போட்டுவிட்டார். கதிரடிக்கும் இயந்திரத்தோடு வந்த ஆட்கள் ஊரைவிட்டுப் போன மறுவாரமே நீயும் போய்விட்டாய் என்று தேவாலய வாசலில் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். அத்தை மட்டும் விடுவதில்லை. "ஒரே தோட்டத்துல விளைஞ்சதுக ரெண்டு, ஒண்ண எடுத்து வெளிய எறிஞ்சிட்டு நீ எப்படிடா தூங்குற?" என்று நேற்றும் அப்பாவிடம் கேட்டாள்.

ஃப்ளோராவின் கையெழுத்தில் உறை வருவதால் யாருக்கும் சந்தேகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு செய்த கடிதத் தோழி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நவம்பர் விடுமுறைக்கு நீ வந்து அப்பாவிடம் நேரில் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள் அத்தை. வருவாயா?

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் தங்கை,
ரக்னா


மினியாபோலிஸ்
அக்டோபர் 29

என் செல்ல ரக்னாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அத்தையின் முழங்காலுக்குச் சூடான உப்பு மூட்டை வைத்து ஒத்தடம் கொடு.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை நன்றாகவே போகிறது. சவுக்கார வாசனைதான் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் அந்தக் கதவைத் திறந்தாலே வயிறு புரட்டுகிறது. பழகிவிடும் என்கிறாள் ஃப்ளோரா. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள், ஆனால் ஒன்றும் கேட்பதில்லை. நல்ல பெண்.

அப்பாவுக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். நவம்பர் 11, திங்கட்கிழமை மத்தியான ரயிலில் வருகிறேன். அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீ அப்போது அறையில் இருக்காதே.

முத்தங்களுடன்,
ஆஸ்தா


ஹெம்ஸெத்
நவம்பர் 16

அக்கா,

இதை நீ பிரிப்பாயா, ஃப்ளோரா பிரிப்பாளா என்று தெரியவில்லை. ஃப்ளோரா, நீங்கள் என்றால், தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் மேல்சட்டை இல்லாமல் கோழிக்குத் தீனி போட்டேன், அவ்வளவு இதமாக இருந்தது. மத்தியானத்துக்குள் வானம் அப்படியே கீழே இறங்கிவிட்டது. நம் தொழுவம் எங்கே என்று ஜன்னலில் இருந்து தெரியவில்லை. அப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் மாடுகளைப் பார்க்கப் போனார். ரயில் நிலையத்துக்கு வண்டி கட்ட முடியவில்லை.

ரயில் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தில்மன் சொன்னார்: சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண் இறங்கினாள், முகம் முழுக்கச் சால்வை சுற்றியிருந்தாள். உள்ளே வந்து அடுப்பருகே உட்காரச் சொல்லியிருக்கிறார். அவள் தலையை ஆட்டிவிட்டு நம் பக்கச் சாலையில் நடந்துபோய்விட்டாள். அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

ஐந்து நாளாக அப்பா நீளக் கழியால் பனியைக் குத்திக்கொண்டே சாலையோரம் நடக்கிறார். சாப்பிட வருவதில்லை. நேற்று இருட்டிய பிறகு, உன் நாற்காலியைத் தொழுவத்திலிருந்து தூக்கிவந்து மேஜையருகே போட்டார்.

நீ வரவில்லை என்று சொல்லு அக்கா.

ரக்னா


மினியாபோலிஸ்
நவம்பர் 21

ரக்னா கண்ணே,

அழாதே. நான் உயிரோடு, கால் கை சுகமாக இருக்கிறேன். நீ சுகமா? சளி பிடிக்கவில்லையே?

பெட்டியோடு ரயிலடி வரை போனேன். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு வாக்கியம்தான். பாதிக்கு மேல் வரவில்லை. ரயில் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். தில்மன் பார்த்தது வேறு யாரோ ஒரு பாவப்பட்ட பெண். இந்த நகரத்தில் விற்பதெல்லாம் சாம்பல் நிறக் கோட்டுதான், பாதிப் பெண்கள் என்னைப் போலத்தான் இருப்பார்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் உயிரோடு இருப்பதை யாரிடமும் சொல்லாதே. கொடுமை என்று எனக்கும் தெரியும். ஆனால் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்தால் அப்பா அடுத்த ரயிலில் வந்து நிற்பார். அவர் என்னை இப்போது பார்க்கக் கூடாது. மே மாதம் கழியட்டும். அதுவரை நான் பனிக்குள் இருப்பதாகவே இருக்கட்டும். சத்தியம் செய்.

வேலையில் ஒரு தடவை மயங்கி விழுந்தேன், ஒன்றுமில்லை. இப்போது உட்கார்ந்து துணி மடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

என்றும் உன்,
ஆஸ்தா


ஹெம்ஸெத்
நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகம் என்று படித்ததும் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். சத்தியம் செய்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விடுவித்துவிடு.

கருவாடு வந்துவிட்டது. விறகுக் கட்டைபோல் அடுக்கிக் கட்டி வந்ததை அத்தை, ஊறிக் கொழகொழவென்று ஆவதற்காகச் சாம்பல்நீர்த் தொட்டியில் போட்டுவிட்டாள். தேவாலயத்தின் கீழ்த்தளம் முழுக்க அந்த வாசனைதான். டிசம்பர் 7 சனிக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து விருந்து.

அத்தை உனக்கு அழைப்புத் தட்டு வைக்கப் போகிறாள்.

இறந்துபோன அம்மாவை அப்படி அழைத்தது உனக்கு நினைவிருக்கிறதா? மண் உறைந்து, குழி தோண்ட முடியாமல் அம்மாவைக் கல்லறைக் கொட்டகையில் வைத்திருந்த வருடம். வீட்டில் இரவெல்லாம் நடக்கும் சத்தம் கேட்கும். விருந்தில் அத்தை முதல் தட்டில் மீன் பரிமாறி வெண்ணெய் ஊற்றி, படிக்கட்டுக் கதவைத் திறந்துவைத்து, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லோரும் தலை குனிந்து ஜெபப் பாட்டுப் பாடினோம். அன்றிலிருந்து வீட்டில் சத்தம் இல்லை. சாப்பிட்டவர்கள் போய்விடுவார்கள், திரும்ப மாட்டார்கள்.

போதகர் யெர்டே அப்பாவிடம், உடல் கிடைக்காமல் அழைக்க வேண்டாம், வசந்தம் வரை பொறுங்கள் என்றார். அத்தைதான், "பனிக்குள்ள பசியோட கெடக்குற புள்ளைக்கு வசந்தம் வரைக்கும் பொறுன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

உயிரோடு இருப்பவரை யாரும் இதுவரை அழைத்ததில்லை அக்கா. நான் சொல்லிவிடட்டுமா? உடனே எழுது.

பயத்துடன்,
ரக்னா


மினியாபோலிஸ்
டிசம்பர் 2

ரக்னாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அம்மாவுக்கு வைத்த தட்டை வெளியே கொண்டுபோய்க் கல்லறைக் கொட்டகை வாசலில் வைத்ததும் நரி தின்றுவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேன். உனக்கு அப்போது சொல்லவில்லை. எனக்கும் ஒரு தட்டு வைக்கட்டும். இங்கே கிடைக்கும் முட்டைக்கோஸ் சூப்புக்கு அது எவ்வளவோ மேல்.

சொல்லாதே. மே மாதம் வரை.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. அந்த இன்னொரு பெண். அவளை யாரும் தேடவில்லையா? அவளுக்கு யார் தட்டு வைப்பார்கள்?

அன்புடன்,
ஆஸ்தா


ஹெம்ஸெத்
டிசம்பர் 8, இரண்டாம் அட்வெந்து

அக்கா,

முதலில் நீ எப்படி இருக்கிறாய் என்று சொல். வேறு எதையும் எழுதுவதற்கு முன் அதை எழுது.

நேற்று விருந்து. மூன்று ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். படிக்கட்டிலேயே வரிசை நின்றது. நான் உருளைக்கிழங்கு ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போனேன். கிழவர் ஸிவெர்ட் வழக்கம்போல, மீனைக் கரண்டியால் தட்டி அது நடுங்குவதைக் காட்டிக்கொண்டிருந்தார். "பாத்துக்க, இது இன்னும் சாகல" என்றார். பக்கத்து ஊர் ஸ்வீடன்காரர் ஒருவர், வெண்ணெய்க்குப் பதிலாக அவர்கள் ஊற்றிக்கொள்ளும் வெள்ளைக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். "சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு மிச்சம் இருக்கு, ஊத்தவா?" என்றார் ஸிவெர்ட். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் உன் நாற்காலிக்குப் பக்கத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

அத்தை உனக்குப் பரிமாறினாள். வால் பக்கம் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு நடுத்துண்டாகத் தேடி எடுத்தாள். உனக்குப் பிடிக்கும் என்று வெண்ணெயை இரண்டு முறை ஊற்றினாள். போதகர் அடுப்பைப் பார்க்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். நான் அத்தையின் கையைப் பிடித்தேன். "அத்தை, வேண்டாம்" என்றேன். அதற்கு மேல் சொல்ல உனக்குச் செய்த சத்தியம் விடவில்லை. அவள் என் தலையைத் தடவிவிட்டுப் படிக்கட்டுக்குப் போனாள்.

மேல்கதவைத் திறந்தார்கள். குளிர் படி வழியாக இறங்கியது.

"ஆஸ்தா," என்று அத்தை கூப்பிட்டாள். "சாப்பாடு ஆறுது. இறங்கி வாடி கண்ணு."

எல்லோரும் தலை குனிந்து பாட ஆரம்பித்தார்கள். பாட்டு முடியும்வரை நாற்காலியைப் பார்க்கக் கூடாது. நான் பார்க்கவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய், யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். அதனால் பயமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு பாடினேன்.

படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார்கள். நாற்காலி கிறீச்சிட்டது. மேஜைக்குக் கீழே ஒரு கோட்டின் ஓரம் தெரிந்தது அக்கா. சாம்பல் நிறம். பலகைபோல் விறைத்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது உன் கோட்டு இல்லை. உன் கோட்டின் ஓரத்தை நான்தான் தைத்துக் கொடுத்தேன், எனக்குத் தெரியாதா? இது தையல் பிரிந்து தொங்கியது.

பாட்டு முடிந்து நிமிர்ந்தபோது நாற்காலியில் யாரும் இல்லை. தட்டில் ஒன்றும் இல்லை, வெண்ணெய்கூட வழித்திருந்தது. அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "வந்துட்டா, சாப்ட்டுட்டா" என்று அத்தை நிம்மதியாகச் சொன்னாள்.

அந்த இன்னொரு பெண்ணுக்குப் பசி அக்கா. அவளைக் கூப்பிட யாரும் இல்லை. உன் பெயரைக் கூப்பிட்டோம், அதை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள்.

இன்று மாலை யாரோ சமையலறைக் கதவைத் தட்டினார்கள். அத்தை திறக்கவில்லை. அழைப்பு முடிந்தால், கிறிஸ்துமஸ் காலை வரை இருட்டிய பிறகு யார் தட்டினாலும் திறக்கக் கூடாதாம். ருசி கண்டவர்கள் சில சமயம் போக மனமில்லாமல் திரும்பி வருவார்களாம். வெளியே இருந்து ஒரு குரல், "நான் ஆஸ்தா, குளிருது" என்றது.

உடனே எழுது. உடனே.

ரக்னா


மினியாபோலிஸ்
டிசம்பர் 15

ரக்னா,

பதில் எழுத இத்தனை நாளானதற்கு மன்னித்துக்கொள். எனக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனால் நன்றாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை. நீ நன்றாக இருக்கிறாயா?

திங்கட்கிழமை காலையில் மேற்பார்வையாளர் அம்மாள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வேலை பிரித்தாள். என்னிடம் வந்ததும் வாயைத் திறந்தாள், மூடினாள். என் முகத்தையே பார்த்தாள். "நீ யாரும்மா?" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் வேறு ஒருத்தியை என் இடத்தில் உட்கார வைத்துவிட்டாள்.

ஃப்ளோரா என்னோடு பேசுவாள், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிடு என்றேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள், பிறகு அழுதுவிட்டாள். நான் கண்ணாடி முன் நின்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. இங்கே எங்கேயும் அது ஒட்டவில்லை.

என் கோட்டுப் பொத்தான் இப்போது பூட்டுவதில்லை. ஒருவேளை உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நான் தனியாக இருந்தால் பரவாயில்லை. வயிற்றில் இருக்கும் இதற்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும், வைக்கிறவளுக்கே பெயர் இல்லாவிட்டால் எப்படி?

வீட்டுக்கு வருகிறேன். அப்பா என்னைப் பார்த்து என் பெயரைச் சொல்ல வேண்டும். திட்டினாலும் சரி. டிசம்பர் 21 சனிக்கிழமை மாலை ரயில். சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன், எல்லாவற்றையும் சொல்லிவிடு. யாரும் வண்டி கட்டி வராவிட்டால் நடந்து வருவேன். கதவைத் திறந்து வை.

உன் அக்கா


ஹெம்ஸெத்
டிசம்பர் 21, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நீ வந்ததும் உன் கையிலேயே கொடுப்பேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பயணம் நல்லபடியாக இருந்ததா? கால் விறைக்கவில்லையே?

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தைக் காட்டினேன். அப்பா விளக்கின் கீழே வைத்து மூன்று தடவை படித்தார். "இதுல பேரு எங்க?" என்றார். நீ கடிதத்தின் கீழே பெயர் எழுதவில்லை அக்கா. உன் பழைய கடிதங்களை எல்லாம் நான் எரித்துவிட்டேன். அத்தை என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "புள்ளைக்கு மனசு ஏத்துக்கல, அதான் தானே எழுதிக்கிட்டிருக்கு. ரெண்டு பேரு கையெழுத்தும் ஒரே மாதிரிதானே" என்றாள். நான் கத்தினேன், அழுதேன். உறையைக் காட்டினேன். அது கடிதத் தோழியின் கையெழுத்து என்று அவர்களுக்குத்தான் முன்பே தெரியுமே.

உன் வயிற்றைப் பற்றி எழுதியிருந்த வரியை அப்பா விரலால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு மாலையும் அந்தப் பெண் சமையலறைக் கதவில் தட்டினாள். "நான் ஆஸ்தா, திறங்க" என்றுதான் சொல்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பெயரை நாம்தான் கொடுத்தோம். அதனால் யார் என்று கேட்டுத் திறக்க முடியாது. அத்தை பாட்டுப் பாடிச் சத்தத்தை மறைப்பாள். அப்பா காதைப் பொத்திக்கொள்வார். சிறிது நேரத்தில் போய்விடுவாள்.

இன்று நீயும் அதையேதான் சொல்வாய். வேறு என்ன சொல்வாய்?

ரயிலடிக்கு வண்டி கட்டுங்கள் என்று மாலையில் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் பூட்ஸ் போட்டார். கதவு வரை போனார். அத்தை அவரைப் பார்த்து, "எம்பிரிக், அவள இன்னொரு தடவ சாகக் கூப்பிடாதடா" என்றாள். திரும்பி வந்து அடுப்பருகே உட்கார்ந்தார். கதவுகளை எல்லாம் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் பூட்ஸை இன்னும் கழற்றவில்லை.

ரயில் வந்திருக்கும். காற்று அதிகமாகிவிட்டது. அவர்கள் திறக்காவிட்டால் உன்னால் எவ்வளவு நேரம் வெளியே நிற்க முடியும்? நீ ஒருத்தி இல்லையே. மாடியிலிருந்து பார்த்தால் சாலை தெரியவில்லை, வெள்ளைதான். நான் இறங்கிப் போய் அப்பாவின் பையில் கையை விட்டாவது சாவியை எடுக்கப் போகிறேன். இந்த வரியை முடித்துவிட்டு

தட்டுகிறார்கள். சமையலறைக் கதவு. அத்தை பாட ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா. நான் ஆஸ்தா. திறங்க."

குரல் குளிரில் கட்டிப்போயிருக்கிறது. அது நீயா? அக்கா, அது நீதானா?

முன்கதவிலும் தட்டுகிறார்கள். இரண்டு பக்கமும். "அப்பா, நான் ஆஸ்தா, திறங்க." அதே குரல், அதே வார்த்தைகள். அத்தை பாட்டை நிறுத்திவிட்டாள். நாற்காலி நகர்கிறது. சாவியின் சத்தம். அப்பா எழுந்துவிட்டார், உன் பெயரைச் சொல்லிக்கொண்டே நடக்கிறார், அவர் எந்தக் கதவுக்கு